தண்டவாளம் சேர்ந்தால் போதுமா, தோழர்களே? வண்டியும் சேர்ந்து ஓடணும்! பேரளம் – காரைக்கால் இணைப்பும் டெல்டா மக்களின் உரிமையும்



இன்னைக்கு ரயில் பத்திப் பேசப் போறோம். நீளமான பதிவுதான். ஆனா நம்ம டெல்டாக்காரங்க ஒவ்வொருத்தரும் கடைசி வரி வரைக்கும் படிக்கணும்னு கேட்டுக்கிறோம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. மயிலாடுதுறை – திருவாரூர் பாதையில் இருக்கிற பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு நேர் ரயில் பாதை 23 கிலோமீட்டர். அந்த நேர்ப்பாதை இல்லாத காலத்தில் ரயிலில் எப்படிப் போகணும் தெரியுமா? பேரளத்திலிருந்து தெற்கே திருவாரூர். அங்கிருந்து கிழக்கே நாகப்பட்டினம். அங்கிருந்து வடக்கே நாகூர். அதையும் தாண்டி காரைக்கால். மொத்தம் 60 கிலோமீட்டருக்கு மேல். மூக்கைத் தொட தலையைச் சுற்றிக் கையைக் கொண்டு போற கதைதான்.

இப்போ அந்த 23 கிலோமீட்டர் திரும்ப வந்திருக்கு. அகலப் பாதையாகத் தண்டவாளம் போட்டு, 2025-ல் வேகச் சோதனையும் நடத்திப் பார்த்தாங்க. தெற்கே நாகூர் – காரைக்கால் என்ற 10 கிலோமீட்டர் துண்டு 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. இந்த இரண்டு குட்டைப் பாதைகளும் காரைக்காலில் கைகோத்தால், மயிலாடுதுறை, பேரளம், அம்பகரத்தூர், திருநள்ளாறு, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று புதுசா ஒரு முழு ரூட் நமக்குக் கிடைக்குது.

கிடைக்குதா? அங்கேதான் கேள்வியே.

தண்டவாளம் சேர்வது ஒரு விஷயம். அதன் மேல் ஒரே வண்டி இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், மக்களுக்குத் தோதான நேரத்தில், தினமும் ஓடுவது வேறு விஷயம். முதல் விஷயம் நடந்தால் ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்கலாம். இரண்டாவது நடந்தால்தான் மங்கைநல்லூரில் இருக்கிற பொண்ணு காரைக்காலில் படிச்சிட்டு பொழுது சாய வீடு திரும்ப முடியும். நாம் கேட்பது இரண்டாவதை.

■ இது யாரும் போட்ட பிச்சை இல்லை

டெல்டாவுக்கு ரயில் கேட்டாலே சிலர் ஏதோ சலுகை கேட்கிற மாதிரி பார்க்கிறாங்க. "உங்க ஊருக்கு ஆள் எங்க இருக்கு? வருமானம் எங்க இருக்கு?" என்று கேட்கிறாங்க. அவங்களுக்கு நம்ம வரலாறு தெரியாது.

நாகப்பட்டினம் – தஞ்சாவூர் ரயில் பாதை 1861-ல் வந்தது. தென்னிந்தியாவின் ஆரம்பகால ரயில்களில் அதுவும் ஒன்று. அது வெள்ளைக்காரக் கம்பெனி போட்டது. ஆனா மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் வந்த பாதை இருக்கே, சுமார் 54 மைல், அதைப் போட்டது யார்? அன்றைய தஞ்சை ஜில்லா போர்டு. பணம் எங்கிருந்து வந்தது? நிலத்துக்கு மேல் தனி செஸ் போட்டு, ரூபாய்க்கு இத்தனை தம்படி என்று நம்ம மிராசும் குடியானவனும் கட்டின காசு. ஒரு உள்ளாட்சி அமைப்பு தன் மக்களிடம் வரி வசூலித்துச் சொந்தமாக ரயில் பாதை போட்டதில் இந்தியாவுக்கே முன்னோடி நம்ம தஞ்சை ஜில்லாதான். அந்தப் பாதை 1903-க்குள் அறந்தாங்கி வரை நீண்டது.

இப்போ பேரளம் ஸ்டேஷன் நிற்கிறது அந்தப் பாதையில்தான். நெல்லு வித்த காசில் போட்ட ரயில், தோழர்களே. களத்துமேட்டில் சிந்தின வியர்வையில் வாங்கின தண்டவாளம்.

பேரளத்திலிருந்து காரைக்காலுக்குக் கிளை பிரிந்தது 1898-ல். அப்போ காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. இங்கிலீஷ்காரன் சீமையும் பிரெஞ்சுக்காரன் சீமையும் தனித்தனி. இருந்தும் இரண்டையும் ரயில் சேர்த்தது. சுதந்திரம் வாங்கி, காரைக்காலும் இந்தியாவோடு சேர்ந்து, எல்லாம் ஒரே நாடு ஆன பிறகு, 1980-களின் கடைசியில் அந்த ரயிலை நிறுத்திட்டாங்க. கொடி வேறு வேறாக இருந்தபோது ஓடின ரயில், கொடி ஒன்றானதும் நின்னுபோச்சு. இதுக்கு யார் பதில் சொல்வது?

■ கடைமடைக்கு என்ன கதியோ, கிளைப் பாதைக்கும் அதே கதி

நம்ம ஊரில் கடைமடை என்றால் என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, வெண்ணாறு, அரசலாறு எல்லாம் ஓடி, வாய்க்கால் பிரிந்து, கடைசி வயலுக்குத் தண்ணி வருவதற்குள் நாற்று கருகிடும். தண்ணி குறைஞ்சா முதலில் காய்வது கடைமடை.

ரயிலிலும் அதே நியதிதான். போய் முட்டி நிற்கிற கிளைப் பாதைதான் கடைமடை. செலவைக் குறைக்கணும் என்று மேலிடத்தில் ஒருத்தர் பேனாவை எடுத்தால் முதலில் கோடு விழுவது அதன் மேல்தான்.

நம்ம பகுதியில் செத்துப்போன பாதைகளை வரிசையாக எண்ணிப் பாருங்க. நீடாமங்கலம் – மன்னார்குடி: 1915-ல் வந்தது, 1970-களில் நின்றது, 2011-ல்தான் திரும்ப வந்தது. மயிலாடுதுறை – தரங்கம்பாடி: 1926-ல் வந்தது, 1986-ல் நின்றது, இன்னும் வரவில்லை. பேரளம் – காரைக்கால்: இப்போதான் சொன்னோம். இந்த மூணுக்கும் ஒரு பொருத்தம் இருக்கு. மூணுமே முட்டுச்சந்து. போனால் திரும்பி வரணும், அப்பால் வழி கிடையாது.

முட்டுச்சந்து ரயில் ஏன் சாகிறது? காரணம் ரொம்ப எளிது. அதில் ஏறுகிறவர்கள் அந்தக் கடைசி ஊருக்குப் போகிறவர்கள் மட்டும்தான். வேறு ஊருக்குப் போகணும்னா ஜங்ஷனில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்கணும். நம்ம வண்டி அஞ்சு நிமிஷம் தாமதமானால் அடுத்த வண்டி போயிடும். நாலு தடவை இப்படி ஏமாந்தவன் அஞ்சாவது தடவை பஸ் ஏறிடுவான். கூட்டம் குறையும். கூட்டம் குறைஞ்சதுன்னு வண்டியைக் குறைப்பாங்க. வண்டி குறைஞ்சதுன்னு இன்னும் கூட்டம் குறையும். கடைசியில் "மக்கள் ஆதரவு இல்லை" என்று எழுதிப் பூட்டிடுவாங்க. ஆதரவு இல்லாமல் செய்தது யார் என்று அந்த ஃபைலில் எழுத மாட்டாங்க.

■ சேர்த்தால் என்ன ஆகும்? விரல்விட்டு எண்ணலாம்

இதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு குட்டைப் பாதையில் 5 ஸ்டேஷன். வண்டி மாறாமல் போகக்கூடிய ஊர்ச் ஜோடிகள் எத்தனை? 10. அதே மாதிரி இன்னொரு குட்டைப் பாதையில் 5 ஸ்டேஷன், இன்னொரு 10 ஜோடி. இரண்டும் சேர்த்து 20.

இப்போ இரண்டும் ஒரு ஸ்டேஷனில் சந்திக்குதுன்னு வையுங்க. அங்கே வண்டியை நிறுத்தித் திருப்பி அனுப்பாமல், ஒரே வண்டியாக அந்தண்டைக்கும் ஓட்டுங்க. மொத்தம் 9 ஸ்டேஷன். வண்டி மாறாமல் போகக்கூடிய ஜோடிகள் 36. ஒரு அடி தண்டவாளம்கூட கூடுதலாகப் போடவில்லை. புது ஸ்டேஷன் கட்டவில்லை. வண்டியை நிறுத்தாமல் ஓட்டினதில் மட்டும் 20 என்பது 36 ஆச்சு. ஸ்டேஷன் கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடும்.

வண்டிக்கும் லாபம். நடுவில் ஒரு முனையில் போய் ஒரு மணி நேரம் சும்மா நிற்கிற ரேக், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதே வண்டி, அதே ஓட்டுநர், கூடுதல் டிரிப்.

இது நம்ம கற்பனை இல்லை. உலகத்தில் பெரிய பெரிய ஊரெல்லாம் இதைத்தான் செஞ்சிருக்கு. காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரனின் தலைநகரம் பாரிஸையே எடுத்துக்குவோம். அங்கே சுரங்க மெட்ரோவில் சீன் ஆற்றுக்கு வடக்கே 13-ம் நம்பர் லைன் ஒன்று, தெற்கே 14-ம் நம்பர் லைன் ஒன்று. இரண்டும் ஆற்றைத் தாண்டாமல் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. ஆற்றுக்கு அடியில் பாதை போட்டு 1976-ல் இரண்டையும் ஒரே 13-ம் நம்பர் லைனாக ஆக்கினாங்க. இப்போ அந்த லைனைப் பற்றி பாரிஸ்காரன் சொல்கிற குறை என்ன தெரியுமா? "கூட்டம் தாங்கல" என்பதுதான்!

லண்டனிலும் அதேதான். நகரத்துக்கு வடக்கே போற புறநகர் ரயிலும் தெற்கே போற புறநகர் ரயிலும் தனித்தனியாக நின்றுகொண்டிருந்தன. நடுவில் பல பத்தாண்டுகளாகப் பயணிகள் வண்டி ஓடாத ஒரு சின்னச் சுரங்கம். 1988-ல் அதைத் திறந்து தேம்ஸ்லிங்க் என்று ஒரே ரூட்டாக ஓட்டினாங்க. வடகோடி ஊர்க்காரன் ஏறின இடத்திலிருந்து மாறாமல் தென்கோடிக்குப் போறான்.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம சென்னையைப் பாருங்க. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயில். பல வருஷம் வேளச்சேரியோடு நின்றுபோனது. பரங்கிமலை வரை இன்னும் சுமார் 5 கிலோமீட்டர் நீட்டினால் தாம்பரம் லைனும் மெட்ரோவும் அதோடு சேர்ந்துவிடும் என்பது திட்டம். 2008-ல் தொடங்கின வேலை. கடைசி அரை கிலோமீட்டருக்கு நிலம் எடுப்பதில் வழக்கு வந்து வருஷக்கணக்காக நின்றது. மற்ற நாலரை கிலோமீட்டர் தூணும் பாலமும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சேராத பாதை எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்கு அதுவே சாட்சி.

■ பட்டுக்கோட்டை நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்

"தண்டவாளம் வந்துட்டா வண்டி தானா வந்துடும், ஏன் அவசரப்படுறீங்க?" என்று சிலர் கேட்கலாம். தானா வராது, தோழர்களே. நாம் பட்டு அறிந்தவர்கள்.

காரைக்குடி – பட்டுக்கோட்டை – திருவாரூர் பாதையை நினைச்சுப் பாருங்க. மீட்டர் கேஜ் காலத்தில் அதில் கம்பன் எக்ஸ்பிரஸ் சென்னைக்கு ஓடியது. அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று நிறுத்தினாங்க. வருஷக்கணக்கில் காத்திருந்தோம். 2019 ஜூனில் ஒருவழியாக 149 கிலோமீட்டரும் திறந்தாச்சு. ஊரே மாலை போட்டு வரவேற்றது.

அப்புறம் என்ன ஆச்சு? லெவல் கிராசிங்குகளில் நிறுத்த ஆள் இல்லை. கேட் கீப்பர் வண்டியிலேயே ஏறி வந்தார். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பக்கம் இருப்பவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். பின்பக்கம் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஏறுவார். அடுத்த கேட்டில் திரும்பவும் இதே கூத்து. 149 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல். சைக்கிள்காரன் கையசைத்துவிட்டு முந்திப் போற நிலைமை. அதில் யார் ஏறுவாங்க? ஏறவில்லை என்றதும், "பாத்தீங்களா, ஆளே இல்லை" என்று பேச ஒரு வாய்ப்பு.

அந்தப் பாதையில் 2023 ஏப்ரலில் தாம்பரம் – செங்கோட்டை வண்டி வந்தது, அதுவும் வாரம் மூணு நாள். தினசரி சென்னைத் தொடர்பாகத் தாம்பரம் – ராமேஸ்வரம் பாம்பன் எக்ஸ்பிரஸ் வந்தது 2025 ஏப்ரலில். கணக்குப் பாருங்க. தண்டவாளம் போட்டு முடித்ததுக்கும் தினசரி நேர் வண்டி வந்ததுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை படிப்பையே முடிச்சிருக்கும்.

பேரளம் – காரைக்கால் விஷயத்தில் இன்னொரு ஆறு வருஷம் காத்திருக்க நாம் தயாராக இல்லை.

■ நிலக்கரிக்கு மட்டும் போட்ட பாதையா?

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருவோம்.

காரைக்காலில் தனியார் துறைமுகம் இருக்கு. அங்கே கப்பலில் நிலக்கரி இறங்குது. சரக்கு ரயிலில் ஏற்றி நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியாக மேற்கே கொண்டு போறாங்க. நிலக்கரித் தூசி பற்றி நாகூர்க்காரங்க பல வருஷமாகக் குரல் கொடுத்துக்கொண்டு இருக்காங்க. காயப்போட்ட துணியில் கரி, திண்ணையில் கரி, குழந்தை மூச்சில் கரி என்று அவங்க படும் பாடு நமக்குத் தெரியும்.

பேரளம் பாதை சேர்ந்ததும் அந்தச் சரக்கு வண்டிகளுக்கு இன்னொரு வாசல் திறக்குது. வடக்கே போற நிலக்கரி மயிலாடுதுறை பக்கம் திரும்பலாம். ரயில்வேக்கு அதில் நல்ல வருமானம். நாங்க சரக்கு ரயிலுக்கு எதிரி இல்லை. லாரியில் போவதைவிட ரயிலில் போவது ஊருக்கும் ரோட்டுக்கும் நல்லது. நம்ம குறுவை நெல்லும் சம்பா நெல்லும் கொள்முதல் நிலையத்திலிருந்து நகரணும்னா சரக்கு ரயில் வேணும்.

ஆனா இது ஒற்றைப் பாதை. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஒரு துண்டில் போக முடியும். எதிரே வண்டி வந்தால் ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கணும். யார் ஒதுங்குவது, யார் முந்துவது என்பதை டைம்டேபிள் போடுகிறவர்தான் முடிவு செய்றார். காலையில் எட்டு மணிக்குக் காலேஜுக்குப் போற பிள்ளைங்க வண்டி வழியில் ஒதுங்கி நிற்க, 58 வேகன் நிலக்கரி கடந்து போகுதுன்னா, இந்தப் பாதை யாருக்காகப் போட்டது?

நிலம் கொடுத்தது நம்ம ஊர். கேட்டில் காத்து நிற்பது நம்ம ஊர். தூசி வாங்குவது நம்ம ஊர். அப்போ முதல் சீட்டும் நம்ம ஊருக்குத்தான்.

■ இந்த ரூட்டில் யார் போவாங்க?

"ஆள் இருக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு ஊர் ஊராகப் பதில் சொல்வோம்.

திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் ஜனம் வரும். சாதாரண சனிக்கிழமையிலும் நளன் குளத்தில் இறங்க இடம் இருக்காது. காரைக்கால். அம்மையார் பிறந்த ஊர், மாங்கனித் திருவிழாவுக்கு மாம்பழம் இறைக்கிற ஊர். நாகூர். கந்தூரிக்கு எந்த மதம் என்று கேட்காமல் எல்லாரும் வந்து நிற்கிற தர்கா. வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நடந்தே வருகிற கூட்டம். ஒரே தண்டவாளத்தில் கோயிலும் தர்காவும் மாதா கோயிலும். நம்மைப் பிரிச்சுப் பேசுகிறவர்களுக்கு இந்த ரயில் பாதையை வரைபடத்தில் காட்டினாலே போதும்.

திருவிழா வருஷத்தில் சில நாள்தான் என்பீர்கள். சரி, மற்ற நாளுக்கு வருவோம். என்.ஐ.டி. புதுச்சேரி இருப்பது காரைக்காலில். ஜிப்மரின் கிளை இருப்பது காரைக்காலில். மயிலாடுதுறை 2020 டிசம்பரிலிருந்து தனி மாவட்டம், கலெக்டர் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் தினம் ஜனம் போகணும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நாகையில் மீன்பிடித் துறைமுகம். மீன் கூடையோடு பஸ் ஏறப் போனால் "வாடை அடிக்கும், இறங்கும்மா" என்று விரட்டப்படுகிற அக்காமார்களுக்கு ரயில்தான் மரியாதையான வண்டி. கூடையைக் கீழே வச்சுட்டு உட்கார்ந்து போகலாம்.

அப்புறம் ஒன்று. காரைக்கால் புதுச்சேரிக்குச் சேர்ந்தது, சுற்றிலும் தமிழ்நாடு. ஒரே காவிரித் தண்ணி குடிக்கிறோம், ஒரே நெல்லு விதைக்கிறோம், பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்கிறோம். அரசாங்கம் மட்டும் இரண்டு. ஒவ்வொரு திட்டத்திலும் "அது அவங்க பகுதி" என்று இரண்டு பக்கமும் தட்டிக்கழிக்க வசதியான இடம். ரயிலுக்கு அந்த எல்லை கிடையாது. அதனால்தான் இந்த ரூட்டுக்காக இரண்டு பக்கத்து மக்களும் ஒரே குரலில் பேசணும் என்று சொல்கிறோம்.

■ எதிர்க்கருத்துக்கும் பதில் சொல்வோம்

நம்ம தோழர்களிலேயே சிலர் இன்பாக்ஸில் கேட்ட கேள்விகள் நியாயமானவை.

"நீளமான ரூட் ஆனால் ஒரு இடத்துத் தாமதம் எல்லா இடத்துக்கும் பரவுமே?" உண்மைதான். குட்டைப் பாதையில் தாமதம் அந்தக் குட்டைக்குள்ளேயே முடிஞ்சுடும். நீளப் பாதையில் பரவும். அதுக்கு மருந்து, வண்டிகள் ஒதுங்க வேண்டிய ஸ்டேஷன்களில் போதுமான லூப் லைனும், டைம்டேபிளில் கொஞ்சம் மூச்சுவிட நேரமும். அதைக் காரணம் காட்டி வண்டியையே ஓட்டாமல் இருப்பது, சளி பிடிக்கும்னு குளிக்காமல் இருக்கிற மாதிரி.

"நடுவில் எங்காவது வண்டி திசை மாறணும்னா எஞ்சினைக் கழற்றி மாட்டணுமே, நேரம் ஆகுமே?" எஞ்சின் இழுக்கிற பழைய பாசஞ்சருக்கு அந்தத் தொல்லை உண்டு. மெமு, டெமு வண்டிகளுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கு. ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வந்தால் போதும்.

"பஸ் இருக்கே?" இருக்கு. தினமும் போய்வருகிற மாணவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ரயில் சீசன் டிக்கெட் எவ்வளவு மலிவு என்பது அவங்க பர்ஸுக்குத் தெரியும். மழைக்காலத்தில் நம்ம ரோடு என்ன லட்சணத்தில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

■ நம்ம கோரிக்கைகள்

மழுப்பலாகக் கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். அதனால் தெளிவாகவே வைக்கிறோம்.

1. மயிலாடுதுறையிலிருந்து பேரளம், திருநள்ளாறு, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி வரை வண்டி மாறாமல் போகும் தினசரிப் பயணிகள் ரயில். காலை, மதியம், மாலை, இரவு என்று குறைந்தது நாலு முறை, இரு திசையிலும்.

2. காலை வண்டி கல்லூரி, அலுவலக நேரத்துக்கு முன் காரைக்காலுக்கும் மயிலாடுதுறைக்கும் போய்ச் சேரணும். மயிலாடுதுறையில் சென்னை, கும்பகோணம், தஞ்சாவூர் வண்டிகளுக்கு இணைப்பு கிடைக்கிற மாதிரி நேரம் அமையணும்.

3. எல்லா லெவல் கிராசிங்கிலும் முதல் நாளிலிருந்தே நிரந்தரப் பணியாளர். வண்டியில் ஏறி வருகிற கேட் கீப்பர் கதை இங்கே வேண்டாம். அந்த வேலைகளில் உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்பு.

4. பள்ளி, கல்லூரி நேரத்தில் பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை. நிலக்கரி வேகன்களை மூடித்தான் கொண்டு போகணும்.

5. சனிப்பெயர்ச்சி, கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இந்த முழு ரூட்டில் சிறப்பு ரயில்கள். கடைசி நேரத்தில் அறிவிக்காமல் முன்கூட்டியே அறிவிக்கணும்.

6. இதோடு நிற்கக் கூடாது. அடுத்த முட்டுச்சந்து மன்னார்குடி. அங்கிருந்து பட்டுக்கோட்டைக்குப் பாதை போட்டால் நீடாமங்கலம் – மன்னார்குடி கிளையும் உயிருள்ள ரூட் ஆகும். தஞ்சாவூரும் பட்டுக்கோட்டையும் ஒரே மாவட்டம், ஆனா நேர் ரயில் இல்லை. ரயிலில் போகணும்னா திருவாரூர் சுற்றி 100 கிலோமீட்டருக்கு மேல். இந்த இரண்டு திட்டங்களும் எத்தனையோ பட்ஜெட்டாகப் பேச்சில் இருக்கு. பேச்சில் இருக்கிறது மண்ணுக்கு வரணும். வேளாங்கண்ணி – திருத்துறைப்பூண்டி பாதையையும் முடிக்கணும்.

■ நீங்க செய்ய வேண்டியது

தோழர்களே, லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீங்க.

கிராம சபை கூடும்போது இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டு வாங்க. நகலை திருச்சி கோட்ட ரயில்வே மேலாளருக்கு அனுப்புங்க. வணிகர் சங்கம், விவசாயிகள் சங்கம், மீனவர் பஞ்சாயத்து, கல்லூரி மாணவர்கள், கட்சி வேறுபாடு பார்க்காமல் எல்லாரிடமும் பேசுங்க. உங்க தொகுதி எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் நேரில் போய்க் கேளுங்க. ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவில் நம்ம ஊர்க்காரர் இருந்தால் அவர் கையில் இந்த ஆறு கோரிக்கையையும் கொடுங்க.

வண்டி ஓட ஆரம்பிச்சதும் இன்னொரு கடமை இருக்கு. ஏறணும். டிக்கெட் எடுத்து ஏறணும். "அரசாங்க வண்டிதானே" என்று ஓசியில் போனால், நம்ம பயணம் எந்தக் கணக்கிலும் வராது. பத்து வருஷம் கழிச்சு மறுபடியும் ஒருத்தர் ஃபைலைத் திறந்து "ஆள் இல்லை" என்று எழுதுவார். நாம் எடுக்கிற ஒவ்வொரு டிக்கெட்டும் இந்த ரூட்டுக்குப் போடுகிற ஓட்டு.

ஒருகாலத்தில் நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கும் வரி கட்டின நம்ம கொள்ளுத்தாத்தாக்களில் பலர் ரயில் எப்படி இருக்கும் என்றே பார்க்காதவர்கள். ஊருக்கு வரும், பிள்ளைங்க போகும் என்று நம்பித்தான் கட்டினாங்க. அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டிருக்கோம்.

23 கிலோமீட்டர் தண்டவாளம் வந்தாச்சு. இனி அதில் நம்ம ஜனம் போகணும்.

படிச்சவங்க கமெண்டில் உங்க ஊர் பேரையும், எந்த நேரத்துக்கு வண்டி வேணும் என்பதையும் எழுதுங்க. எல்லாவற்றையும் தொகுத்து மனுவோடு இணைக்கிறோம். மயிலாடுதுறை, திருவாரூர், நாகை, காரைக்கால், தஞ்சைத் தோழர்கள் அனைவரும் பகிருங்கள்.

#முழு_ரூட்_வேண்டும்
#பேரளம்_காரைக்கால்_வேளாங்கண்ணி
#டெல்டா_ரயில்_நம்_உரிமை